கஞ்சிக்கும் தடை போட்ட டாக்டரம்மா

அவைத் தலைவர் முத்துசாமி அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம், சலாம்.

மறைந்த டாக்டர் ரெபேக்காள் அம்மையாரைப் பற்றி நான் சொல்லப் போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பப் போவதில்லை. இந்தச் சபை அறிய உறுதி கூறுகிறேன். மேடையேறும்போதே தலைவர் என் காதோடு, "சௌகத் அலி, இது துக்கக் கூட்டம்பா. உன் ஜவுளிக்கடைப் புளுகையெல்லாம் மூட்டை கட்டி வெச்சிட்டு வா" என்றார். கட்டி வைத்துவிட்டுத்தான் வந்தேன். மூட்டைதான் கொஞ்சம் ஓட்டை.

என் தங்கை மகள் ஷஹர்பானுவை சதுரங்கப்பட்டினத்தில் கட்டிக் கொடுத்தோம். எப்பேர்ப்பட்ட வீடு தெரியுமா? அங்கே வஞ்சிரம் மீன் குழம்பு கொதித்தால், மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கமே ஒரு கண்ணை இந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட வீட்டில்தான் என் மருமகள் பட்டினி கிடந்தாள்.

மாதம் பிறந்தால் வலி. ஊரார் நாசூக்காக வயிற்றுவலி என்று சொல்வார்கள். நேற்று அவளிடம், "இதைச் சபையிலே பேசலாமாம்மா?" என்று கேட்டேன். "வயித்துவலி வயித்துவலின்னு சொல்லியே மூடிட்டாங்க மாமு. நீங்களாச்சும் தொறந்து சொல்லுங்க" என்றாள். அது மாதவிலக்கு வலி. அவள் உத்தரவோடுதான் பேசுகிறேன்.

வலி வந்தால் உறவுக்காரர்கள் பார்க்க வருவார்கள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பாயில் உட்காருமுன் ஒரே கேள்விதான்: "நேத்து இன்னா துன்னே?"

அவள் கத்தரிக்காய் என்றால், "அதான் பாரு" என்று கத்தரிக்காயை நிறுத்திவிட்டுப் போவார்கள். அடுத்த மாதம் வருகிறவர் நண்டை நிறுத்துவார். அதற்கடுத்து மீன், முருங்கை, தேங்காய், புளி, பால். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரலாமா என்று ஆளுக்கொரு தடையைக் கொண்டுவந்து வைத்தார்கள். கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த ஒரு சின்னம்மா கடற்காற்றையே நிறுத்திவிட்டாள், ஜன்னலைச் சாத்தினார்கள். படாளத்துக் கண்ணாயிரம் நெல் விற்க வந்தவர். வாசலில் நின்ற மனுஷனையும் விடாமல் யோசனை கேட்டார்கள். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, "பூசணி வேணாங்க" என்றார். அன்றோடு பூசணியும் போயிற்று.

இத்தனை நிறுத்தியும் வலி நின்றதா? இல்லை. சாத்திய ஜன்னலுக்குள் அவளும் வலியும் மட்டும் மிஞ்சினார்கள்.

எங்கள் வீடுகளில் நாலைந்து பேர் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். சஹன் என்போம் அதை. மற்றவர்கள் சஹனைச் சுற்றி உட்கார, ஷஹர்பானு மட்டும் உள்ளறையில் அலுமினியக் கிண்ணத்தோடு இருந்தாள். கிண்ணத்தில் உப்பில்லாத கஞ்சி. வாசனை கதவிடுக்கு வழியாக அவளிடம் வரும். அவள் வாசனையிடம் போக முடியாது. என் மருமகள் எப்படி இளைத்தாள் தெரியுமா? ஜன்னலைத் திறந்தால் பறந்துவிடுவாள் என்று கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். அவள் நிழல்கூட விழாது, நிழலுக்கே தெம்பில்லை.

நான் சும்மா இருப்பேனா? தலைப்பாகைக்குள் ஒரு தேக்சா நிறையப் பிரியாணியை ஒளித்துக்கொண்டு போனேன். அவள் மாமியார் ஜெய்புன்னிசா வாசலிலேயே நிறுத்தி, "இன்னா அண்ணே, தலை ஆவி வுடுது?" என்று கேட்டார். தேக்சா வாசலோடு போயிற்று.

அன்றைக்குத்தான் அந்த அம்மாள் என்னைக் கூடத்தில் உட்கார வைத்துச் சொன்னார்: "பெருநாளுக்குள்ள தேறலேன்னா உங்க வூட்டுக்கே கூட்டிக்கினு போயிடுங்கண்ணே. குழந்தையும் இல்லே, எழுந்து நடக்கவும் தெம்பில்லே. என் கண்ணெதிர்ல அந்தப் புள்ளை சாவக் கூடாது." சொல்லும்போது அவர் அழுதார். கல்நெஞ்சுக்காரியாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அழுகிறவரிடம் என்ன சண்டை போடுவது?

டாக்டரம்மாவிடம் ஓடினேன். திருக்கழுக்குன்றம் சாலையில் அவர் வைத்திருந்த சிறு மருத்துவமனையை அறியாதவர் இங்கே உண்டா? ஐப்பசி மழை. பக்கிங்காம் கால்வாய் பொங்கி, படகுக்காரர்களெல்லாம் பயந்து மரத்தில் ஏறிக்கொண்டார்கள். டாக்டரம்மா படகில் ஏறிக் குடையைப் பாயாக விரித்தார். அந்தக் குடையே எங்களை சதுரங்கப்பட்டினம் கடைத்தெரு வரை கொண்டுபோய் இறக்கிற்று. முதலைகள் இரண்டு பக்கமும் நின்று சலாம் வைத்தன.

உள்ளறைக்குப் போய் நெடுநேரம் ஷஹர்பானுவைச் சோதித்துவிட்டு, கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். வீடே சுற்றி நின்றது. டாக்டரம்மா கேட்டார்: "நேத்து இன்னா சாப்பிட்டா?"

எல்லோர் முகமும் மலர்ந்தது. படித்தவரும் அதையேதானே கேட்கிறார்!

"கஞ்சிதாங்க. வேற ஒண்ணும் குடுக்கலே" என்றார் ஜெய்புன்னிசா, பெருமையாக.

"வலி வந்துதா?"

"வந்துதே. ராவெல்லாம் துடிச்சா."

"அப்போ கஞ்சிதான் காரணம். இன்னியோட கஞ்சியை நிறுத்திடுங்க."

ஜெய்புன்னிசா மெல்லக் கேட்டார்: "கஞ்சியையும் நிறுத்திட்டா புள்ளை இன்னாத்தைத் துன்னும்?"

"அதைத்தான் நானும் உங்களைக் கேக்கறேன்."

பிறகு பொறுமையாக விளக்கினார். "கருப்பைக்குள்ள இருக்க வேண்டிய சவ்வு இவளுக்கு வெளியிலேயும் ஒட்டிக்கினு வளருதும்மா. மாசா மாசம் அதுவும் கசியுது. உள்ளே கசியறது வெளியே வர வழியில்லே, அங்கேயே அடைபட்டுக் கெடக்குது. அதான் வலி. எண்டோமெட்ரியோசிஸ்னு பேரு." அந்தப் பேரை நான் செங்கற்பட்டு வந்து சேரும்வரை சொல்லிப் பார்த்தேன். நாக்கில் மூன்று முடிச்சு விழுந்தது.

"அப்போ சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லியா?" என்றார் ஜெய்புன்னிசா.

மற்ற டாக்டராக இருந்தால் ஒரே போடாகப் போட்டிருப்பார். நம் அம்மையார் சொன்னதைக் கேளுங்கள்: "இல்லேன்னு அடிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாதும்மா. புஸ்தகமும் இன்னும் தெளிவாச் சொல்லலே. எங்கிட்ட வர்ற சில பேருக்கு எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கலே. சில பேர் மீனு, கீரைன்னு நல்லாத் துன்னா உடம்பு தாங்குதுங்கறாங்க. சில பேருக்கு எதுவும் மாறலே. எது ஒத்துக்குதுன்னு அவ வயிறு சொல்லட்டும், பாக்க வந்தவங்க சொல்ல வேணாம். ரத்தம் போற உடம்பைப் பட்டினி போட்டா வலியைத் தாங்கறதுக்கு இன்னா மிச்சம் இருக்கும்?"

"நான் அவளைக் கொல்லவா பாத்தேன் டாக்டரம்மா?"

"இல்லே. காப்பாத்தத்தான் பாத்தீங்க. அதனாலதான் உங்களை யாராலேயும் தடுக்க முடியலே."

குழந்தை பிறக்குமா என்று கேட்டார்கள். தெரியாது என்றார். வலி அடியோடு போகுமா என்று கேட்டார்கள். அதற்கும் உறுதி தரவில்லை. மருந்து தருகிறேன், முடியாமல் போனால் சென்னையில் அறுவை சிகிச்சைக்கு அழைத்துப் போகிறேன் என்றார். "உங்க வூட்டுச் சஹன்ல எனக்கும் அவளுக்கும் எடம் இருக்குதா?" என்று கேட்டுவிட்டு, கைகழுவ எழுந்துகொண்டார்.

ஷஹர்பானு உள்ளறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சாப்பிட்டாள். எப்படிச் சாப்பிட்டாள்! அடுப்புகள் ஏழூருக்குப் புகைந்தன. கடலில் மீன் தீர்ந்து, புதுச்சேரியிலிருந்து தந்தி கொடுத்து வரவழைத்தார்கள்.

பெருநாள் வந்தது. அவளை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

சபையோரே, வலி போய்விட்டது என்று நான் சொன்னேனா? சொல்லவில்லை. போன வாரம் டாக்டரம்மாவை மாரடைப்பு கொண்டுபோன செய்தி வந்தபோதும் ஷஹர்பானு சுருண்டு படுத்துத்தான் கிடந்தாள். இனி இந்தக் கரையில் அந்த நோயின் பேரைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? எத்தனை வீடுகளில் எத்தனை ஜன்னல்கள் இன்னும் சாத்திக் கிடக்கின்றனவோ, யார் கண்டது? மருத்துவம் நமக்குத் தெரியாது. ஆனால் நம் வாய் நம்மிடம்தானே இருக்கிறது? ஆகவே இந்த மேடையில் நின்று கேட்கிறேன்: நோயில் படுத்த பெண்ணைப் பார்க்கப் போனால், நேற்று என்ன தின்றாய் என்று இனிக் கேட்க மாட்டோம். இன்றைக்கு என்ன வேண்டும் என்று கேட்போம். அவள் சொன்னதைச் சமைத்து எடுத்துக்கொண்டு போவோம். அம்மையாருக்குச் சிலை வேண்டாம், இது போதும். சம்மதிப்பவர்கள் கையை உயர்த்துங்கள். தலைவரே, நீங்களும்தான்.

இறங்குமுன் ஒரு வார்த்தை. குடை படகு ஓட்டவில்லை. முதலை சலாம் வைக்கவில்லை. தலைப்பாகைக்குள் தேக்சா நுழையாது, முயன்று பார்த்தேன். ஏழூர் அடுப்பும் புகையவில்லை; அன்று அவளுக்கு இறங்கியது நாலு வாய் சோறு, அவ்வளவுதான். ஆனால் நாலாவது வாயை விழுங்கிவிட்டு, அந்தப் பெண் தலைநிமிர்ந்து மாமியாரைப் பார்த்து, "உப்பு கொஞ்சம் கம்மி மாமி" என்றாள். ஜெய்புன்னிசா எழுந்து போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

அது மட்டும் நிஜம்.