போர்டு முன்னாடி அழுத பொண்ணு

இல்லக்கா, ரொம்ப வருஷமாவே நீ சொன்ன அந்தப் பொண்ணு கதை மேல எனக்குச் சந்தேகம்தான். இன்னிக்குப் புதுசா வந்தது இல்ல. நீ உட்காரு, டீ எல்லாம் அப்புறம் போடலாம்.

நாளைக்கு எங்க கோடு சாருக்கு வழியனுப்பு விழா. ஆமா, அவரேதான், இங்கிலீஷ் இலக்கணம் எடுத்தவரு. ஒரு வாக்கியத்தைக் குடுத்தா போதும், போர்டுல நீளமா ஒரு கோடு. எழுவாய் இந்தப் பக்கம், பயனிலை அந்தப் பக்கம், மிச்சமெல்லாம் கிளை கிளையாக் கீழ தொங்கும். எந்த வார்த்தை எதைப் பிடிச்சிட்டிருக்குன்னு கடைசி பெஞ்சுக்காரனுக்கும் கண்ணால தெரியும். இப்ப என்ன பண்றார் தெரியுமா? விளையாட்டு ரூம்ல பந்துக்குக் காத்தடிக்கிறார். சிரிக்காதக்கா. நேத்து அந்தப் பக்கம் போனேன், பம்பைக் கையில வச்சுக்கிட்டே வணக்கம் சொன்னார். எனக்குத் தலை நிமிரல.

இலக்கண வகுப்பை எடுத்துடலாமான்னு கூட்டம் போட்டப்ப, பாதிப் பேரு இருக்கட்டும்னுதான் சொன்னாங்க. நான்தான் எழுந்து உன் கதையைச் சொன்னேன். எங்க அக்கா ஸ்கூல்ல ஒரு பொண்ணு, போர்டுல கோடு போடத் தெரியாம நின்னு அழுதா, மறுநாள்லேர்ந்து படிக்கவே வரலைன்னு. அவ்ளோதான். ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணைத் துடைச்சாங்க. வகுப்பு போச்சு. இப்ப பசங்க பக்கம் பக்கமா எழுதுறாங்க. ஒரு வாக்கியம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு எழுதுறவனுக்கும் தெரியல, திருத்துற எனக்கும் தெரியல.

அந்தப் பொண்ணு பேரு என்னன்னா மறந்துபோச்சுங்கிற. எந்த வகுப்புன்னா, ஏழோ எட்டோங்கிற. அடுப்பைப் பார்க்காத, என்னைப் பாரு.

அப்பவே ஏன் கேக்கலன்னா... கேக்காம இருக்கறது சௌகரியமா இருந்துச்சு. வேற என்ன?

கூட்டத்துக்கு முந்தின வாரம் ஞாபகம் இருக்கா? கோடு சார் லீவு, அவர் வகுப்பை என் தலையில கட்டினாங்க. இதே மேசையில உட்கார்ந்து போட்டுப் போட்டு அழிச்சிட்டிருந்தேன். எனக்கு அது வராதுக்கா. இங்கிலீஷ் வாத்தியார்தான், ஆனா வராது. மறுநாள் வகுப்புல பாதிக் கோட்டோட சாக்பீஸைக் கீழ வச்சேன். தலைவலின்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். வந்து என்ன பண்ணேன்னு உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். அதுக்கப்புறம்தானே அந்தக் கதையை நீ எடுத்த?

நாளைக்கு அவரைப் பத்தி மேடையில பேசப்போறது நான். கோவமெல்லாம் இல்லக்கா, சத்தியமா. இதை மட்டும் சொல்லிடு. அழுத அந்தப் பொண்ணு, நான்தானா?