இருநூற்றுப் பதின்மூன்றாவது சீட்டு

அவைக்குத் தலைமை ஏற்று, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து இப்போதே என்னை மிரட்டிக்கொண்டிருக்கும் மேயர் தொனாத்தி அவர்களே! அன்று மலையில் துப்பாக்கி ஏந்தி நின்று, இன்று மூட்டுவலியோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே! கணவனையும் பிள்ளையையும் போருக்குப் பறிகொடுத்தும், மிச்சமிருந்த பசுவைக் கறந்து இந்த ஊரைக் காப்பாற்றிய தாய்மார்களே! பால் கூட்டுறவுச் சங்கத்துத் தோழர்களே! இந்த வெயிலிலும் எழுந்து போகாத இளைஞர்களே! எங்கள் மோந்தெவெர்னா மண்ணே! உங்கள் அனைவருக்கும் சீஸ் காய்ச்சிய எர்மெதேயின் மகள் ஆர்ஜியாவின் அன்பு வணக்கம்.

மேடையில் ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கிறதே, யாருக்கு என்றுதானே அங்கே முணுமுணுக்கிறீர்கள்? என்ன, ரோமிலிருந்து மந்திரி வருகிறாரா என்றா? மந்திரி வந்தால் ஒரு நாற்காலியா போதும், கூட வரும் கூட்டத்துக்கு மேடையே போதாதே! பொறுங்கள். பேச்சு முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

விடுதலை பெற்று இருபது ஆண்டுகள் ஆகின்றன. நம் சங்கத்துச் சுவரில் இன்று ஒரு கல் பதிக்கிறோம். அதில் என்ன வெட்டுவது என்று குளிர்காலத்திலேயே ஊர் கூடி முடிவு செய்தது. 'எல்லோரும் ஆமாம் என்ற நாளில், இல்லை என்ற ஒரே மனிதர் எர்மெதே.' கேட்கவே எவ்வளவு பெருமை! ஆனால் கல் வெறுமையாக நிற்கிறது. கொத்தனார் கையைப் பிடித்துத் தடுத்தவள் நான்தான். பெற்ற தகப்பனின் பெயரை மகளே மறித்தாளே, இவளுக்குப் பைத்தியமா என்று கேட்டீர்கள். இதோ பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

எப்படி வந்தான் அந்தச் சர்வாதிகாரி? அவன் பெயரைச் சொல்லமாட்டேன். இருபது வருடம் ஒவ்வொரு சுவரிலும் எழுதிவைத்துப் படித்தது போதும். வானத்திலிருந்து குதித்தானா? இல்லை! வாசல் வழியாகத்தான் வந்தான். முதல் போர் முடிந்து வந்தவனுக்கு வேலையில்லை. நிலம் வைத்திருந்தவனுக்கு நெஞ்சில் தைரியமில்லை. வேலையற்றவனுக்குக் கறுப்புச் சட்டை கொடுத்தான். பயந்தவனிடம் லாரியும் பெட்ரோலும் வாங்கினான். அந்த லாரி ஒருநாள் இதே சதுக்கத்துக்கு வந்தது. நம் சங்கத்தைக் கொளுத்தினார்கள். செயலாளரைக் கட்டிப்போட்டு ஒரு லிட்டர் விளக்கெண்ணெயைக் குடிக்கவைத்தார்கள். நாம் என்ன செய்தோம்? ஜன்னலைச் சாத்தினோம். என் அம்மாவும் சாத்தினாள், உங்கள் அம்மாவும் சாத்தினாள், கோபப்படாதீர்கள்.

பிறகு ஆட்சி! பள்ளியில் அவன் படம், பால் சங்கத்தில் அவன் படம், பன்றித் தொட்டிக்கு மேலேயும் அவன் படம்! அங்கே மட்டும் பொருத்தமாக இருந்தது என்பார் என் அப்பா. நமக்குக் கிடைத்த குட்டிச் சர்வாதிகாரி யார்? மேலிடத்து ஆணையில் ஊர்த்தலைவராக வந்த, அன்று லாரி கொடுத்த ரஸ்தெல்லி. அவருக்கு அறிவிப்பு முரசு அறைந்தவர் நகராட்சிச் சேவகர் எவாசியோ. ஐந்து பிள்ளைகள், ஒற்றைச் சம்பளம். சொன்னதை அறைந்தார்.

இருபத்தொன்பதாம் வருடம், மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை. நாடே அவனை ஏற்கிறதா என்று வாக்கெடுப்பு. ஆமாம் என்றால் மூவர்ணச் சீட்டு, இல்லை என்றால் வெள்ளைச் சீட்டு. மடித்தாலும் நிறம் தெரியும் மெல்லிய காகிதம். இதற்குப் பெயர் ரகசிய வாக்கெடுப்பாம்! பெண்களுக்கு ஓட்டே இல்லை. ஆண்கள் இருநூற்றுப் பதின்மூன்று பேர். ரஸ்தெல்லி பெட்டிக்கு அருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மாவட்டத்திலேயே முதல் ஆளாகப் பெயர் வாங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. எண்ணுவதற்கு முன்பே தந்தி அடித்துவிட்டார்: இருநூற்றுப் பதின்மூன்றும் ஆமாம்!

பெட்டியைத் திறந்தார்கள். எண்ணினார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு மூவர்ணம். ஒன்று வெள்ளை!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள்! அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மறுநாள் சங்கத்துக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைத்தார் ரஸ்தெல்லி. போட்டவன் ஒப்புக்கொள்ளும்வரை சீஸ் காய்ச்சும் கொப்பரைக்கு நெருப்பு கிடையாது. பசுவுக்கு அரசியல் தெரியுமா? அது காலையிலும் கறந்தது, மாலையிலும் கறந்தது. மூன்று நாள் பால் புளித்து ஓடையில் ஓடியது. மூன்று நாளும் பக்கத்து வீட்டுக்காரனைப் பக்கத்து வீட்டுக்காரன் முறைத்தான். மூன்றாம் நாள் காலை எல்லோரையும் இங்கே நிறுத்தினார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது, அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முரசு முழங்கியது. ரஸ்தெல்லி கத்தினார்:

"எவன்டா அது? ஆம்பளையா இருந்தா முன்னால வாடா! இல்லேன்னா நாளையிலேர்ந்து ஒவ்வொரு மாடா ஓட்டிட்டுப் போயிருவேன்!"

பிறகு என் அப்பா தொப்பியைக் கழற்றினார்.

"நான்தான். பூட்டைத் திறங்க, பால் வீணாப் போகுது."

முரசு பாதியில் நின்றது. எவாசியோவின் கையிலிருந்த குச்சி கல்லில் விழுந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. அதை எடுத்து அவரிடம் கொடுத்தவள் நான். அவர் முகத்தை இன்றுவரை மறக்கவில்லை.

அப்பாவுக்கு ஐந்தாண்டு தீவுச் சிறை. அன்று மாலையே கொப்பரைக்கு அடியில் நெருப்பு எரிந்தது.

அப்புறம் என்ன ஆனது? அபிசீனியா என்றான், ஸ்பெயின் என்றான், ரஷ்யா என்றான். போனவர்கள் எத்தனை பேர், வந்தவர்கள் எத்தனை பேர் என்று இந்தத் தாய்மார்களைக் கேளுங்கள். நாற்பத்து மூன்று ஜூலையில் அவன் சொந்த ஆட்களே அவனைக் கைகழுவினார்கள். பிறகு ஜெர்மன் பட்டாளத்தின் முதுகுக்குப் பின்னால் இருபது மாதம் ஆடினான். இரும்பு மனிதன் என்று மார் தட்டியவன், கடைசியில் அடுத்தவன் கோட்டுக்குள் ஒளிந்து ஓடும்போது பிடிபட்டான்! இவ்வளவுதானா இவன் என்று ஊரே கேட்டது.

நாற்பத்து மூன்றில் அவனைக் கைகழுவிய செய்தி வந்த மறுநாள் இங்கே லம்புருஸ்கோ ஒயின் ஆறாக ஓடியது, நினைவிருக்கிறதா? பேக்கரிக்காரர் மேசைமேல் ஏறினார்: "அந்த வெள்ளைச் சீட்டு நான்தான்யா போட்டேன்! எர்மெதே பாவம், எனக்காகப் போனான்!" உடனே தையற்காரர்: "யோவ், வாயை மூடு. போட்டது நான்!" அப்புறம் பாதிரியாரின் தம்பி. ரஸ்தெல்லியின் மைத்துனர். நாற்பத்தைந்தில் வைக்கோல் போருக்குள்ளிருந்து இழுத்து வந்தபோது ரஸ்தெல்லியே சொன்னாரே, "என்னை விட்டுருங்கப்பா, அன்னைக்கு வெள்ளைச் சீட்டு போட்டதே நான்தான்" என்று!

யாரது அங்கே கை தூக்குவது? நெல்லோ தம்பி, நீ அப்போது பிறக்கவே இல்லையேடா, இறக்கு கையை!

கல்வெட்டுச் செய்தி பரவியதும் சங்கத்துக்கு மனுக்கள் குவிந்தன. என் தகப்பன், என் தாத்தா, என் பெரியப்பா! சங்கத் தலைவி நான். உட்கார்ந்து பட்டியல் போட்டேன். இருநூற்றுப் பதின்மூன்று பேரில் இருநூற்றுப் பதினொரு பேர், தாங்களாகவோ பிள்ளைகள் வாயாலோ, 'நான்தான்' என்று சொல்லிவிட்டார்கள்.

மீதி இருவர். ஒருவர் என் அப்பா. ஆம், ஊரார் முன்னே 'நான்தான்' என்ற அதே மனிதர், தீவிலிருந்து திரும்பிய பிறகு ஒருமுறைகூட அதைச் சொல்லவில்லை. யாராவது பாராட்டினால் எழுந்து போய்விடுவார். பிப்ரவரியில் கண் மூடுவதற்கு முன் என்னை அருகே அழைத்தார்.

"ஆர்ஜியா, கல்லுல பொய்யை வெட்டிராதம்மா. நான் மூவர்ணச் சீட்டுதான் போட்டேன். நீ சின்னப் பொண்ணு, உங்கம்மா வயித்துல ஒண்ணு. பயந்துட்டேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்கல. மூணு நாள் கழிச்சு அந்தாளு கேட்டப்போதான், விட்டதைப் பிடிக்க ஒரு வழி தெரிஞ்சுது."

"நிஜமாப் போட்டது யாருப்பா?"

"தெரியாது. தெரிஞ்சுக்கவும் விரும்பல. தெரிஞ்சிருந்தா அவங்க அடிச்ச அடியில சொல்லியிருப்பேன். ஆனா தீவுல தினமும் அந்த ஆளுக்கு நன்றி சொல்லிக்கிட்டேன்."

கேட்டீர்களா, மக்களே? என் தந்தை 'ஆமாம்' என்றவர்! உங்கள் தந்தையரைப் போலவே பயந்தவர்! இதைச் சொல்ல எனக்கு வெட்கமா? இல்லை! ஒருமுறை பயந்து தலையாட்டியவன் ஆயுளெல்லாம் தலையாட்ட வேண்டியதில்லை என்று காட்டினாரே, அந்த மனிதரின் மகள் நான் என்று இந்த மேடையிலே, இந்த மலையெல்லாம் கேட்கச் சொல்கிறேன். அவரைவிட எனக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

சரி, அந்த இன்னொருவர்? யார் என்று பெயர் சொல்லமாட்டேன். என்னிடம் சாட்சி இல்லை, கணக்கு மட்டும்தான் இருக்கிறது. சொல்லாத ஒருவர்தான் செய்தவர். ஏன் சொல்லவில்லை? தனக்குப் பதிலாக இன்னொருவன் தீவுக்குப் போனதை அவரால் தாங்க முடியவில்லை. எப்படித் தெரியும் என்கிறீர்களா? அப்பா இல்லாத ஐந்து வருடமும் காலையில் எங்கள் வாசலில் ஒரு தூக்குப் பால் இருந்தது. சங்கம் கொடுக்கிறது என்று நினைத்தோம். பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். சங்கம் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கவில்லை. யாரோ தன் ஐந்து பிள்ளைகளின் பங்கிலிருந்து கொடுத்திருக்கிறார். அவரை இந்த ஊர் இருபது வருடமாக எப்படி நடத்தியது? மதுக்கடையில் அவர் மேசையில் யாரும் உட்காருவதில்லை. தெருவில் பிள்ளைகள் டம் டம் என்று பழித்துக் காட்டுகிறார்கள்.

ஐயா, நீங்கள் இந்தச் சதுக்கத்தில்தான் இருக்கிறீர்கள். இந்த நாற்காலி உங்களுடையது. வரப் பிடிக்காவிட்டால் காலியாகவே இருக்கட்டும், குறை சொல்லமாட்டேன்.

பேசாதீர்கள். யாரும் பேசாதீர்கள்.

வழி விடுங்கள், பின்வரிசைக்காரர்களே. எவாசியோ மாமா வருகிறார். படியில் பார்த்து, மாமா. மைக் இங்கே.

"பேசத் தெரியாதும்மா எனக்கு. நான் கடைசி ஆளு. ரஸ்தெல்லி தந்தி எழுதக் குனிஞ்சாரு, போட்டுட்டேன். அவ்வளவுதான். உங்கப்பா எழுந்தப்போ நானும் வாயைத் திறந்தேன், ஆர்ஜியா. சத்தம் வரல. முப்பத்தாறு வருஷமா வரல."

இப்போது வந்துவிட்டது, மாமா.

கொத்தனாரே, உளியை எடுங்கள். 'இல்லை என்றவர் எவாசியோ. நான்தான் என்றவர் எர்மெதே.' இரண்டு வரி போதும்.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், தொப்பியைக் கழற்றி எழுந்து நிற்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றியும் வணக்கமும். உட்காருங்கள், மாமா. நீங்கள் உட்கார்ந்த பிறகுதான் இந்த ஊர் உட்காரும்.