நாலாம் தொட்டி எறா

...அதான் சொல்றேன் நைனா, மூணு பேரு! கோதும ஆராய்ச்சிக்காரரு ஒருத்தரு, மாட்டு டாக்டரு ஒருத்தரு, கொசு ஆராய்ச்சி ஒருத்தரு. மூணு பேரும் குந்திகினு, 'அட்டெண்டர் ஜாபர் வேணாம்'னு என்னயப் பத்தி எழுதிட்டாங்கோ. எறாவப் பத்தி அவுங்களுக்கு இன்னா தெரியும்? நீ நகந்து குந்து, பஸ்ஸு எண்ணூரு போறதுக்குள்ள சொல்லிட்றேன்.

இன்னா ஆராய்ச்சியா? அட, காத்திவாக்கத்துல முகத்துவாரத்தாண்ட ஓலக் கொட்டாய் ஒண்ணு கீதே, பாத்ததில்ல? உள்ள நாலு சிமெண்டு தொட்டி. அதான் ஆராய்ச்சி நெலையம்! டாக்டர் ஃப்ளோரன்ஸம்மா தான் அதுக்குத் தலைவி. ஊசி போட்ற டாக்டரு இல்ல, படிச்ச டாக்டரு. ராயபுரத்துப் பொண்ணு. உப்பங்கழியில மீன் புடிக்கிறவன்லாம் குஞ்சு எறாவயும் சேத்து வாரிக்கினு பூட்றான், வருசா வருசம் கொறையுது. எந்த மாசம் வலய வெக்காம வுட்டா எறா பெருக்கும்? அதக் கண்டுபுடிக்கத்தான் அந்தம்மா சேத்துல நிக்குது. நல்ல வேல தானே?

ஆனா அதுக்குத் துட்டு குடுக்கறது தில்லி. அங்க ஒரு கவுன்சிலு. மொதல்ல மனு, ஆறு காப்பி. அத நாலு பெரிய படிப்பாளிங்க படிப்பாங்களாம், யாரு படிச்சாங்கன்னு நம்மகிட்ட சொல்ல மாட்டாங்களாம். அப்பாலிக்கா கமிட்டி. அப்பாலிக்கா கமிட்டிக்கு மேல ஒரு கமிட்டி. மூணு வருசத்துக்கு 'சரி'ன்னுவாங்க, ஆனா வருசா வருசம் வந்து பாத்துட்டு தான் அடுத்த வருசத்துக்கு வுடுவாங்க.

வாளி கத சொல்றேன் கேளு. தொட்டி கட்ட உத்தரவு வந்துச்சி. தண்ணி எறைக்க வாளி? அதுக்கு வர்ல. வாளின்னா ஆராய்ச்சிக் கருவியா, ஆபீசு சாமானான்னு அங்கேர்ந்து கேள்வி. இங்கேர்ந்து பதிலு. திரும்பக் கேள்வி. ஏழு மாசம் நைனா! எறா வளர வளர ஓட்ட கழட்டிப் போடும், சட்ட கழட்ற மாரி. அதுங்க எத்தினி சட்ட கழட்டிச்சிங்க, வாளி வர்ல. எம் பொஞ்சாதி ரஹீமுன்னிசா வூட்டு வாளியக் குடுத்தா. இன்னிக்கி வரிக்கும் திரும்பல, டெய்லி திட்றா.

நானும் கத்துவேன். அந்தம்மா சொல்லும், "ஜாபர் பாய், ஊரு சனங்க துட்டு. கேக்கத்தான் செய்வாங்க, கேக்காம குடுத்தா தான் நீங்க பயப்படணும்." அதுவும் நாயந்தான். ஆனா வாளிக்கா?

போன வாரம் தில்லிலேர்ந்து அந்த மூணு பேரும் வந்தாங்கோ, பாக்கறதுக்கு. மத்தியான சோறு நம்ம பொறுப்பு. நா நல்லா ஆக்குவேன், அத நானே சொல்லிக்கறேன். "எறா வாங்கியாந்து ஆக்கிடுங்க பாய்"னு சொல்லிட்டு அம்மா அவுங்கள கழிக்குப் படகுல இட்டுகினு போச்சி. நா காசிமேட்டு மீன் மார்க்கெட்டுக்கு ஓடுனேன். ரெண்டு நாளா காத்து. ஒரு கட்டுமரம் கெளம்பல. ஒரு பொடி எறா இல்ல! பைய ஆட்டிகினு திரும்பி வந்தேன். வந்து... தொட்டிங்களப் பாத்தேன்.

இன்னா அப்டிப் பாக்கற?

நாலாம் தொட்டி, நைனா. பதினோரு மாசமா தனித் தீனி போட்டது. ஒவ்வொண்ணும் கை நீட்டு. மூணு தொட்டி கீதே, ஒண்ணு போனா இன்னான்னு நெனச்சிட்டேன்.

மூணு பேரும் வழிச்சிக்கினு தின்னாங்கோ. மாட்டு டாக்டரு கிண்ணத்த வழிச்சாரு. கைய கழுவிகினு, "சரிம்மா, அந்தத் தனித் தீனி எறாவக் காட்டுங்க"ன்னாரு. அம்மா நாலாம் தொட்டி மூடியத் தூக்குச்சி. தண்ணி கண்ணாடி மாரி கீது. ஒரு புழு இல்ல.

நா கரண்டியோட நிக்கறேன். அந்தம்மா என்னயப் பாத்துச்சி, கிண்ணத்தப் பாத்துச்சி. திட்டும்னு நெனச்சேன். "தலையெல்லாம் எங்க போட்டீங்க பாய்?"ன்னுச்சி.

எறாவ அளக்கறதே தல ஓட்ட வெச்சித்தானாம். அடுப்படிக்குப் பின்னால கலீஜ் குப்ப. பொடவய செருகிகினு குந்திடுச்சி. பூன இழுத்துகினு போனது போக நூத்திப்பன்னெண்டு தல. ஒவ்வொண்ணா கழுவி, அளந்து, எழுதி... நா பக்கத்துல குந்தி எடுத்துக் குடுத்தேன். இருட்டனப்புறம் கொசுக்காரரு கூட பேண்ட்ட மடிச்சிகினு குந்தி விளக்கு புடிச்சாரு.

ஆனா கமிட்டின்னா கமிட்டி. எழுத்துல விளக்கம் வேணும், இல்லாங்காட்டி அடுத்த வருசம் கெடையாதுன்னுட்டாங்கோ. இன்னிக்கி காலையில அம்மா ஒரு கவரு குடுத்துச்சி, எழும்பூர்ல அவுங்க தங்கி கீற எடத்துல சேத்துடச் சொல்லி. எனக்கு இங்கிலீசு வராது. வழியில நம்ம தோஸ்து சவரிநாதன், ஹார்பர்ல கிளார்க்கு, எம்மேல இன்னா எழுதிகீதோன்னு பிரிச்சி அவன்ட்ட காட்டுனேன். படிச்சான். 'நாலாம் தொட்டிய நான்தான் சமைக்கச் சொன்னேன், ருசி பாக்க'ன்னு எழுதி கையெழுத்து போட்டுகீது, நைனா! எம்மேல ஒரு எழுத்து இல்ல.

அதே எடத்துல கிழிச்சேன். நேரா அவுங்ககிட்டப் போயி, "நான்தான் சார் ஆக்குனேன். அம்மாவுக்குத் தெரியாது"ன்னேன். "யாரு சொல்லி?"ன்னாரு கோதுமக்காரரு. "என் புத்தி சொல்லி சார்"னேன். தமிழ் தெரிஞ்ச ஒருத்தரு நடுவுல மாத்திச் சொல்லி எழுதிகினாரு, நா கைரேக வெச்சேன். உள்ள போயி மூணு பேரும் பேசுனாங்கோ. வெளிய வந்து, ஆராய்ச்சி நடக்கும், தல அளந்த கணக்கு செல்லும், அட்டெண்டர் மாத்திரம் இந்த மாசத்தோட சரின்னாங்கோ.

அவுங்க மேல தப்பு சொல்ல எனக்கு இன்னா யோக்கியத கீது, சொல்லு? இருந்தாலும் ஒரு பேச்சுக்குத் திட்டிக்கறேன்.

இப்ப அந்தம்மா மொகத்துல எப்டி முழிக்கறது? "என் கவர யாரக் கேட்டு கிழிச்சீங்க பாய்?"னு குதிக்கும். குதிக்கட்டும்... தோ, காத்திவாக்கம் வந்துடுச்சி. கால எடு நைனா, எறங்கணும். மாசம் முடிய இன்னும் ஒம்போது நாளு கீது, மூணு தொட்டிக்கும் தண்ணி மாத்தணும்.