விளக்கின் அடியில் இருந்த பெயர்

1. ஒருவர் வீட்டிலிருந்த பழைய வெண்கல விளக்கை விற்க, மதிப்புப் போடுபவரிடம் கொண்டுபோனார்.
2. யாரிடமிருந்து வந்தது என்று கேட்டு, மதிப்புப் போடுபவர் அடிப்பாகத்தைத் திருப்பினார்.
3. பெயர் வெட்டியிருந்த இடத்தை யாரோ அரத்தால் ராவியிருந்தார்கள்.

நான் ஆரணியில் ஏறிய வந்தவாசி பஸ்ஸில், என் முன் சீட்டில் விளக்கைக் கொண்டுபோனவரும் அவருடைய அக்காவும்.

“அம்மாவுக்குச் சீரா வந்த விளக்குடா. எனக்குப் பங்கு வரக்கூடாதுன்னு அம்மா பேரையே ராவிட்டியே!”

“மெதுவா பேசுக்கா. எல்லாரும் பாத்துகினு இருக்காங்க.”

“பாக்கட்டும். பேரு ராவியிருக்கேன்னு, கோயில்ல திருடினதான்னு மதிப்புப் போடற ஆளு கேட்டானே, அவன்கிட்ட மெதுவா பேசு.”

“உன் கல்யாண ஆல்பத்துல அம்மா அந்த விளக்கை ஏத்தற போட்டோ இருக்குது. அதைக் காட்டினா நம்பிடுவாருக்கா.”

“வாடா, வீட்டுக்கு வா. அரத்தையும் எடுத்துகினு வா, போட்டோல என் மூஞ்சியையும் ராவிடு!”

அக்கா அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டார். ஆல்பம் அவரிடம் இருக்கிறது, விளக்கு தம்பியிடம். இன்னும் யாரும் அதற்கு மதிப்புப் போடவில்லை.