முள் ஏறாத சாயங்காலம்

– மைக்க வாய்க்கிட்ட வச்சு இன்னொரு தடவ கூப்பிடு, தையலு. மீட்டர்ல முள்ளு எப்படி எகிறுது பாரு!

– மூணு வாரமா எகிறுது, நீலகண்டண்ணே. அவரு கப்பல்லேருந்து ஒரு வார்த்த வரலியே.

– மாப்ளயும் நானும் ரேடியோ டயல்ல பேசி வச்ச எடம், பேசி வச்ச நேரம். கோவில்பத்துத் தென்ன மரத்துல கட்டுன கம்பிலேருந்து டர்பன் கடல் வரைக்கும் போவுதும்மா. தின்ன கரண்ட்டுல முக்காவாசிய வானத்துக்கு அனுப்புற பெட்டி, கேட்டுக்க.

– அவருக்குக் கோவம் தீரலண்ணே. கெளம்பறப்ப, “இனிமே இந்த வாசப்படி மிதிக்காதீங்க”ன்னு சொன்னேன்ல? நாளைக்குக் கப்பல்ல இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுடுவாரு.

– தந்தியாபீஸ்ல இருபது வருஷம் தட்டுன கை இது. ஒன் சேதிய நானே தட்டிடறேன், கேட்டுக்க.

– வேணாம். சொன்னது என் வாயி. திருப்பி எடுக்கறதும் என் வாயிதான்.

– சரி, அழுவாத. சன்னலத் தொற, காத்து வரட்டும்.

– அரசலாத்துல வெளிச்சம் எப்படி மெதக்குது! என் பேச்சும் இப்படித்தான் மெதந்து போவுமாண்ணே?

– போவும்… முழுசா இல்ல.

– என்னது?

– தந்திக்குன்னு கட்டுன பெட்டி. சிக்கனமா வேல செய்யும். பேச்சப் போட்டா மெதுவாச் சொல்றத முழுங்கிடும், ஒரக்கச் சொல்றத மட்டும் கரகரன்னு தூக்கி எறியும்.

– ஐயோ! மன்னிச்சுக்குங்கன்னு நான் மெதுவாத்தானே சொன்னேன்!

– முள்ளையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன், தையலு. எம்மேலதான் தப்பு.

– மாத்த முடியாதா?

– மாத்தலாம். சும்மா இருக்கறப்பவும் பெட்டிக்குள்ள கண்ணாடி வால்வுல கரண்ட்டு ஓடணும். பாதிக்கு மேல வெறும் சூடாப் போயிடும். பேச்சு பேச்சா இருக்கும், ஆனா அவ்வளவு தூரம் எட்டுமான்னு தெரியாது.

– எட்டாட்டிப் போவுது. என் கொரலா இருக்கட்டும்.

– மாத்திட்டேன். முள்ளு பாதிகூட ஏறல, வால்வு கொதிக்குது. சீக்கிரம் பேசு.

– ஏங்க… நான் தையலுங்க. சொன்னது தப்புங்க. கோலம் போடறப்பகூட ஒங்க காலடிக்கு எடம் விட்டுத்தாங்க போடறேன். வந்துடுங்க.

– சுவிட்ச விட்டுட்டுக் கேளு.

– அலை எரைச்சல் மாதிரி இருக்குண்ணே. வேற ஒண்ணும்…

– பேசாத! அந்தா!

– தையலு! தியாகராசன் பேசறேன். ரொம்பச் சன்னமா வருது, ஆனா நீதான். எங்கடி போயிருந்த இத்தன நாளா? மூணு வாரமா இதே எடத்துல யாரோ ஒருத்தி தொண்ட கிழியக் கத்திக்கிட்டு இருந்தா. அவ சத்தத்துக்கு அடியில ஒன்னத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்.