இருபத்தேழாவது புள்ளி

காற்றை வெளியேற்றிய கலத்துள் கண்ணுக்குத் தெரியாத அழுத்தத்தைக் கணித்துச் சொன்ன கண்ணியமே! முப்பத்துநான்கு ஆண்டுகள் எங்கள் அளவுத்திருத்த ஆய்வகத்தின் வெற்றிட அறையை அன்பாலும் அதட்டலாலும் ஆண்ட எங்கள் பெரியக்கா! வணக்கம்.

தொழிற்சாலைகள் கொண்டுவரும் அழுத்தமானிகளெல்லாம் நம் மூலமானியோடு ஒப்பிடப்படுகின்றன. அந்த மூலமானியின் உயிரோ மிளகளவு எஃகுக் குண்டு ஒன்று! காந்தம் தாங்க அது காற்றகற்றிய குழாயில் சுழலும். எஞ்சிய சொற்பக் காற்று அதன் வேகத்தை எவ்வளவு குறைக்கிறது என்பதிலிருந்தே அழுத்தத்தைக் கணக்கிடுகிறோம். அதன் மேனியில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அதை நம்பி நாம் தரும் சான்றிதழ் அத்தனையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

ஆகவேதான் ஆண்டுதோறும் அதைத் தலைமை ஆய்வகத்தில் சோதித்துவரும் பொறுப்பைத் தாங்கள் எவரிடமும் விட்டதில்லை. ஒன்பது மணி நேர ரயில் பயணம் முழுதும் பெட்டி தங்கள் மடியில்! "உள்ள என்ன, பூனைக்குட்டியா?" என்று எதிர் இருக்கைப் பெண்மணி கேட்டதும், "அதைவிட ரோஷக்காரி" என்று தாங்கள் சொன்னதும் இங்கே யாருக்குத் தெரியாது? திரும்பியதும் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிய வரைதாளில் அவ்வாண்டின் மதிப்புக்குப் பென்சிலால் ஒரு புள்ளி. ஏழாவது புள்ளி சற்றே இறங்கியபோது, "கொஞ்சம் மேல போட்டா என்ன?" என்றார் அன்றைய மேலாளர். "குண்டு சொன்னத மாத்த நான் யாரு சார்?" என்றீர்கள். அந்தப் புள்ளி இன்றும் அங்கேயே இருக்கிறது. மற்ற இருபத்தைந்தும் ஏறக்குறைய ஒரே கோட்டில்.

இவ்வாண்டு கண் அறுவை குறுக்கிட்டது. பயணமே கூடாதென்றார் மருத்துவர். "யாரும் தொடாதீங்க. ரிட்டயர் ஆனா என்ன, நானே வந்து எடுத்துட்டுப் போறேன்!" என்று எங்களுக்குக் கட்டளையிட்டுவிட்டு, அலமாரியைப் பார்த்து, "எனக்கப்புறம் இவள யாரு மடியில வச்சுக்குவா?" என்றீர்கள். எங்களைக் கேட்கவில்லை. சுருக்கென்றது, அக்கா!

தங்கள் பணிநிறைவு விழாவுக்கு நிறைந்த இந்த அவையில் ஒப்புக்கொள்கிறோம்: தொட்டோம்! மேலாளரின் அனுமதியோடு, தாங்கள் விடுப்பில் இருந்த மூன்று வாரத்துக்குள் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தோம். கொண்டுபோனவர் யார்? "உங்க கையில டம்ளரக் குடுத்தா பாதி தரைக்குத்தான்" என்று தாங்கள் இருபது ஆண்டுகளாகக் கேலி செய்யும் நம் பம்ப் மெக்கானிக்கேதான்! வழியில் தேநீர் குடிக்கவில்லை, கண்ணயரவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. இறங்கும்போது கால் மரத்துப்போய் இரண்டு பயணிகள் அவரைத் தாங்கினார்கள். அவர் பெட்டியைத் தாங்கினார்.

முடிவு முந்தாநாள்தான் வந்தது. சென்ற ஆண்டின் மதிப்புக்கும் இவ்வாண்டின் மதிப்புக்கும் வேறுபாடு, ஆயிரத்தில் ஒரு பங்கு! கோடு தங்கள் கோடாகவே தொடர்கிறது.

இனி ரயிலில் ஜன்னலோரம் அமருங்கள். மடியில் ஒன்றுமில்லாமல், தெளிந்த கண்ணால் வேடிக்கை பாருங்கள். நோய் நொடி அண்டாமல், நூறாண்டு எங்களை அதட்டிக்கொண்டே வாழுங்கள்!

அதற்கு முன் ஒரே ஒரு வேலை பாக்கி. அலமாரிக் கதவைக் கழற்றி மேடைக்கே கொண்டுவந்திருக்கிறோம். இருபத்தேழாவது இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். பென்சிலும் சீவியாயிற்று.

வந்து வையுங்கள், அக்கா.

இப்படிக்கு,
தங்கள் சொல்லை ஒரே ஒருமுறை மீறிய
வெற்றிட அறைப் பணியாளர்கள்