சில்லுன்னு வந்த தண்ணி

டீ வேணாம் அத்தான், கையில கிளவுஸ் போட்டிருக்கேன். மொதல்ல நீங்க உக்காருங்க. உங்க சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணிய சோதனைக்குப் புடிக்க மச்சினியே வந்து நிக்கிறாளேன்னு உங்களுக்குச் சங்கடம். எனக்கு மட்டும் இனிக்குதா? வேற ஆள அனுப்புங்கன்னு எங்க மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசர்கிட்ட சொல்லிப் பாத்தேன். ஆள் இல்லம்மா, நானே கூட வர்றேன்னுட்டாரு. அதோ, கேட்டுக்கிட்ட ஜீப்புல உக்காந்திருக்காரு.

ஆமா, இந்தப் படிப்புல என்னச் சேத்து விட்டது நீங்கதான். நான் எங்க இல்லேன்னேன்? தண்ணியும் காத்தும் குப்பையும் இருக்கிற வரைக்கும் இவளுக்கு வேலை இருக்கும்னு அப்பாகிட்ட மல்லுக்கட்டினீங்க. அதுக்காக இப்ப நான் கண்ண மூடிக்கணுமா?

இப்ப பாட்டில்ல புடிச்ச தண்ணி தெளிவாத்தான் இருக்கு. நிறம் இல்ல, வாடை இல்ல. ஆனா தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருக்கு. சாயத் தொட்டித் தண்ணி வெதுவெதுன்னுல்ல வரணும்? என்னைப் பாத்ததும் நல்ல தண்ணி வால்வத் தொறந்து விட்டுட்டீங்க. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறீங்களே அத்தான்.

முதலாளி சொன்னாரு, செஞ்சீங்க. சரி. அவரு எங்கயாவது கையெழுத்துப் போட்டிருக்காரா? சுத்திகரிப்புக்குப் பொறுப்புன்னு உங்க பேருதான இருக்கு? கேசுன்னு வந்தா அவரு பக்கத்துல வக்கீல் நிப்பாரு. உங்க பக்கத்துல யாரு நிப்பா?

இந்தப் பாட்டிலக் கீழ ஊத்திடவான்னா கேக்குறீங்க? ஊத்துங்க. இது பேருக்குப் புடிச்சது. சுவருக்கு அந்தப் பக்கம் உங்க குழாய் போய்ச் சேர்ற மேன்ஹோல்ல நேத்தே ஒரு பெட்டியத் தொங்கவிட்டாச்சு. தானா மணிக்கொரு தரம் தண்ணி புடிச்சு வச்சுக்கும். ராத்திரி நீங்க தொறந்து விட்ட சாயத் தண்ணியோட சாம்பிள் அத்தனையும் இப்ப ஜீப்புல, ஐஸுக்குள்ள இருக்கு.

வேர்க்குதா? ஃபேன் போடுறேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு அத்தான். ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி நீங்களே போய், வால்வு எங்க இருக்கு, யாரு தொறக்கச் சொன்னான்னு ஆபீசர்கிட்ட சொல்லிடுங்க. தானா சொன்னவனுக்கும் மாட்டிக்கிட்டவனுக்கும் வித்தியாசம் இருக்கு.

காட்டிக் கொடுத்தது யாருன்னு தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? சட்டைக் கையில சாயம் தெறிச்சு வர்ற அன்னைக்கெல்லாம் நீங்க விடிய விடியப் புரண்டு படுக்கிறீங்கன்னு வேற யாருக்குத் தெரியும்?

அக்காதான். கேட்டுக்கு வெளிய நிக்கிறா, நீங்களா நடந்து வர்றீங்களான்னு பாத்துக்கிட்டு.